அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர்களுக்கான ஊதிய மசோதா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளையும் அவர்களுடைய பைகளையும் சோதித்து உள்ளே அனுப்புபவர்கள் மத்திய அரசின் ஊழியர்கள். ஆனாலும் மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்குச் சட்டப்படி உறுதியான ஊதிய விகிதமும் பணிப் பாதுகாப்பும் இவர்களுக்கு இல்லை. இந்த வேறுபாட்டை நீக்குவதற்கான மசோதா அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் பல முறை கொண்டுவரப்பட்டு, இரண்டு முறை பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும், இன்றுவரை சட்டமாகவில்லை. 2023-இல் இவர்களுடைய ஊதியம் கணிசமாக உயர்ந்துவிட்ட நிலையில், இனி எதற்கு ஒரு சட்டம் என்ற ஐயமே பலருக்கும் எழுகிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அந்த ஐயத்தைச் சுற்றியே அமைந்துள்ளது.

மசோதா யாரைப் பற்றியது?

போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்னும் டி.எஸ்.ஏ. அமைப்பின் ஊழியர்களைப் பற்றியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பர் 19 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டத்தால் இந்த அமைப்பு உருவானது. 2003-இல் இது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வந்தது. சுமார் 430 விமான நிலையங்களில் இந்த அமைப்பின் பொறுப்பில் சோதனை நடக்கிறது. நாள் ஒன்றுக்குச் சராசரியாக 20 லட்சத்துக்கும் அதிகமானோர் சோதனைச் சாவடிகளைக் கடக்கிறார்கள். 2024 ஜூலை 7 அன்று முதன்முறையாக இந்த எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது.

நீலச் சட்டை அணிந்து, அடையாள அட்டையைப் பார்த்து, எக்ஸ்ரே திரையைக் கவனித்து, தேவைப்பட்டால் உடலைத் தடவிச் சோதிக்கும் இந்தப் பாதுகாப்பு அலுவலர்கள் காவல்துறையினர் அல்லர். இவர்களிடம் துப்பாக்கி கிடையாது. கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. விமானத்தில் மாறுவேடத்தில் பயணிக்கும் ஆயுதம் தாங்கிய மார்ஷல்கள் இதே அமைப்பின் வேறொரு பிரிவைச் சேர்ந்தவர்கள்.

மத்திய அரசு ஊழியர்களாக இருந்தும் இவர்களுக்கு மட்டும் ஏன் தனி முறை?

இதற்கான விடை 2001-க்கு முந்தைய நிலையிலிருந்து தொடங்குகிறது. அப்போது பயணிகளைச் சோதிப்பது விமான நிறுவனங்களின் பொறுப்பு. அவை குறைந்த தொகைக்கு முன்வந்த தனியார் பாதுகாப்பு நிறுவனங்களிடம் அந்த வேலையை ஒப்படைத்தன. காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் 2000 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை இதன் விளைவைப் பதிவு செய்துள்ளது. 1998 மே முதல் 1999 ஏப்ரல் வரையான ஓராண்டில், 19 பெரிய விமான நிலையங்களில் சோதனை ஊழியர்கள் வேலையை விட்டுச் செல்லும் விகிதம் சராசரியாக 126 சதவீதமாக இருந்தது. ஒரு நிலையத்தில் அது 400 சதவீதத்தையும் தாண்டியது. அதாவது ஓராண்டுக்குள் ஒரே இடத்தில் நான்கு பேர் மாறி மாறி வந்து போனார்கள். ஊதியம் மிகக் குறைவு என்பதே முதன்மையான காரணம். அதே விமான நிலையத்தின் துரித உணவுக் கடையில் இதைவிட அதிகம் கிடைத்தது என்றால், எக்ஸ்ரே திரைக்கு முன் அனுபவம் உள்ளவர் அமர்ந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

தாக்குதலுக்குப் பிறகு, சோதனை ஊழியர்களை அரசு ஊழியர்களாக்க வேண்டும் என்று செனட் 100-க்கு 0 என்ற வாக்கில் முடிவெடுத்தது. பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மையோ தனியார் முறையை அரசின் மேற்பார்வையில் தொடர விரும்பியது. இரண்டுக்கும் இடையில் எட்டப்பட்ட சமரசத்தில், ஊழியர்கள் அரசுக்கு வந்தார்கள். ஆனால் அவர்களை நியமிப்பது, நீக்குவது, ஊதியம் நிர்ணயிப்பது ஆகியவற்றை, வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும், அமைப்பின் தலைவரே முடிவு செய்யலாம் என்று 2001 சட்டத்தின் 111-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. புதிய அமைப்பை வேகமாகக் கட்டியெழுப்ப வேண்டிய அந்த மாதங்களில் அதற்கு நியாயம் இருந்தது. அவசரத்துக்காக எழுதப்பட்ட அந்த உட்பிரிவு இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படியே நீடிப்பதுதான் இன்றைய பிரச்சினை.

அந்த அதிகாரம் நடைமுறையில் எப்படிப் பயன்படுத்தப்பட்டது?

ஒரு தலைவர் ஒன்று செய்ய, அடுத்தவர் அதை மாற்றினார். 2003 ஜனவரியில், அப்போதைய தலைவர் ஜேம்ஸ் லோய், நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, சோதனை ஊழியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமை, அதாவது சங்கத்தின் வழியாக நிர்வாகத்துடன் பேசி ஒப்பந்தம் செய்யும் உரிமை, இல்லை என்று ஆணையிட்டார். 2011 பிப்ரவரியில் ஜான் பிஸ்டோல் வரையறுக்கப்பட்ட சில விஷயங்களில் மட்டும் கூட்டுப் பேரத்தை அனுமதித்தார். அந்த ஆண்டு நடந்த தேர்தலில் ஏ.எஃப்.ஜி.இ. என்னும் அமெரிக்க அரசு ஊழியர் சம்மேளனம் இவர்களின் பிரதிநிதியாகத் தேர்வானது. பேசக்கூடிய விஷயங்களின் பட்டியலில் ஊதியம் அப்போது இல்லை.

மசோதா சட்டமானால் என்னென்ன மாறும்?

இதுவரை முன்வைக்கப்பட்ட வடிவங்களில் சிறு வேறுபாடுகள் இருந்தாலும், மையம் ஒன்றே. 111-ஆம் பிரிவின் அந்த விதிவிலக்கு முடிவுக்கு வரும், டி.எஸ்.ஏ. ஊழியர்கள் மத்திய அரசுப் பணியாளர்களுக்கான பொதுச் சட்டத்தின், அதாவது அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் ஐந்தாம் தலைப்பின், கீழ் வருவார்கள். அதன் வழியாகப் பொது ஊதிய அட்டவணை, தண்டனைகளை எதிர்த்துச் சுதந்திரமான பணியாளர் பாதுகாப்பு வாரியத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமை, முழுமையான கூட்டுப் பேர உரிமை ஆகியவை கிடைக்கும். பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாறும்போது எவருடைய ஊதியமும் குறையக் கூடாது என்றும் மசோதா கூறுகிறது.

குறிப்பிட்ட தொகை எதையும் மசோதா நிர்ணயிக்கவில்லை. “மணிக்கு இத்தனை டாலர்” என்று அதில் தேடுபவர் ஏமாந்துபோவார்.

பொது ஊதிய அட்டவணை என்றால் என்ன? பழைய முறையில் என்ன குறை இருந்தது?

அமெரிக்க மத்திய அரசின் அலுவலகப் பணியாளர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தும் இந்த அட்டவணையில் 15 கிரேடுகள் உள்ளன. ஒவ்வொரு கிரேடிலும் 10 படிகள் உண்டு. வேலையில் குறை இல்லாதவர் முதல் மூன்று உயர்வுகளை ஆண்டுக்கு ஒன்றாகவும், அடுத்த மூன்றை இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்றாகவும், கடைசி மூன்றை மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றாகவும் பெறுகிறார். முதல் படியிலிருந்து பத்தாம் படியை அடைய 18 ஆண்டுகள் ஆகும். இதற்கு மேல், பலரும் நினைப்பதுபோல் வாழ்க்கைச் செலவைக் கொண்டு அல்லாமல், அந்தந்தப் பகுதியின் தனியார் துறை ஊதியத்தோடு ஒப்பிட்டு, வட்டாரப்படி என்னும் கூடுதல் தொகை சேர்க்கப்படுகிறது.

டி.எஸ்.ஏ. தனக்கென வைத்திருந்த முறையில் அகன்ற ஊதியப் பட்டைகள் மட்டுமே இருந்தன. பட்டைக்குள் ஒருவர் எப்போது, எவ்வளவு மேலே நகர்வார் என்பதற்கு உறுதியான விதி இல்லை. அதனால் பத்தாண்டுக்கும் மேல் பணியாற்றியவர், நேற்று சேர்ந்தவரைவிடச் சற்றே அதிகம் வாங்கும் நிலை ஏற்பட்டது. குறைந்த ஊதியத்தைவிட, உயர்வே வராது என்ற எண்ணம்தான் அனுபவசாலிகளை வெளியே தள்ளியது என்று நான் கருதுகிறேன். பயிற்சி பெற்ற அலுவலர் சுங்கத் துறைக்கோ வேறொரு மத்திய அலுவலகத்துக்கோ சென்றால், அதே தகுதிக்கு அதிக ஊதியமும் அடுத்த பதினெட்டு ஆண்டுகளின் வரைபடமும் சேர்ந்தே கிடைத்தன.

2023-இல் ஊதியம் உயர்ந்துவிட்டதே, பிறகு எதற்கு மசோதா?

உயர்ந்தது உண்மை. 2022 டிசம்பர் இறுதியில் நிறைவேறிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் இதற்கெனச் சுமார் 40 கோடி டாலரைத் தந்தது. 2023 ஜூலை முதல் டி.எஸ்.ஏ. தன் ஊதியத்தைப் பொது அட்டவணைக்கு நிகராக அமைத்துக்கொண்டது. அதுவரை ஒத்த பணியிலுள்ள மற்ற மத்திய ஊழியர்களைவிட இவர்கள் சுமார் 30 சதவீதம் வரை குறைவாகப் பெற்று வந்தார்கள். அந்த இடைவெளி மூடப்பட்டதும் வேலையை விட்டுச் செல்வோரின் விகிதம் குறைந்தது. புதிய ஆட்களைச் சேர்ப்பதும் எளிதாயிற்று.

ஆனால் அந்த உயர்வு எதன் மீது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். காங்கிரஸ் பணம் ஒதுக்கியது. அதை வைத்துக்கொண்டு அமைப்பின் தலைவர், தமக்கு 111-ஆம் பிரிவு தந்த அதே தனி அதிகாரத்தின்படி, பொது அட்டவணையைப் பின்பற்ற முடிவு செய்தார். அந்த அட்டவணை இவர்களுக்குச் சட்டப்படி பொருந்துவதாக எங்கும் எழுதப்படவில்லை. மற்றொரு தலைவர் மற்றொரு முறையை அறிமுகப்படுத்த விரும்பினாலோ, ஏதோ ஓர் ஆண்டின் நிதி ஒதுக்கீட்டில் அந்தத் தொகை விடுபட்டாலோ, ஊழியர் எந்த நீதிமன்றத்திலும் “இது என் உரிமை” என்று வாதிட வலுவான அடிப்படை இருக்காது. மசோதா ஊதியத்தை இன்னும் ஒருமுறை உயர்த்துவதற்கானது என்று சொல்வதைவிட, கிடைத்த உயர்வைத் திரும்பப் பெற முடியாதபடி செய்வதற்கானது என்று சொல்வதே பொருந்தும்.

இது வெறும் அச்சமா, அல்லது அப்படி நடந்ததுண்டா?

ஊதியத்தில் இதுவரை நடக்கவில்லை. கூட்டுப் பேரத்தில் நடந்திருக்கிறது. ஊதிய உயர்வை நடைமுறைப்படுத்திய டேவிட் பெகோஸ்கே, 2024 மே மாதம் சம்மேளனத்துடன் ஏழு ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஐந்தாண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் இருந்த அவர், 2025 ஜனவரி 20 அன்று, புதிய நிர்வாகத்தின் முதல் நாளிலேயே பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அடுத்து 2025 மார்ச்சில், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் கிறிஸ்டி நோயம், சுமார் 47,000 அலுவலர்களுக்கான கூட்டுப் பேர உரிமையையும் அந்த ஏழாண்டு ஒப்பந்தத்தையும் ரத்து செய்வதாக அறிவித்தார். சம்பளத்திலிருந்து சங்கச் சந்தாவைப் பிடித்தம் செய்வதும் நிறுத்தப்பட்டது.

சம்மேளனம் வழக்குத் தொடுத்தது. 2025 ஜூன் மாதம் சியாட்டிலில் உள்ள மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி மார்ஷா பெக்மன் அந்த ரத்துக்கு இடைக்காலத் தடை விதித்தார். தடை வந்தது மகிழ்ச்சிதான் என்றாலும், ஏழாண்டு ஒப்பந்தம் பத்து மாதங்களில் நீதிமன்றப் படியேறியதைப் பார்த்தவருக்கு, தலைவரின் விருப்பத்தில் தங்கியிருக்கும் ஊதிய முறை எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்ற கேள்வி வருவது இயல்பே.

மசோதா நிறைவேறினால் இவர்கள் வேலைநிறுத்தம் செய்ய முடியுமா?

முடியாது. மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது அமெரிக்காவில் சட்டவிரோதம். மசோதா அதைத் தொடவில்லை. 1981-இல் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் அதிகமான விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை அதிபர் ரீகன் பணிநீக்கம் செய்தார்.

ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் மாறுமா?

அவை ஏற்கெனவே மற்ற மத்திய ஊழியர்களுக்கு உள்ளவையே. ஆனால் ஊதியத்தின் உயர்வு ஓய்வூதியத்தில் நேரடியாக எதிரொலிக்கும். மத்திய அரசின் ஓய்வூதியம், ஊழியர் தொடர்ச்சியாக மிக அதிகம் பெற்ற மூன்று ஆண்டுகளின் அடிப்படை ஊதியச் சராசரியில், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பொதுவாக 1 சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. எனவே 2002-இல் சேர்ந்து இருபது ஆண்டுகள் குறைந்த ஊதியம் பெற்ற ஒருவர், உயர்ந்த ஊதியத்தில் மூன்று ஆண்டுகள் கழித்தபின் ஓய்வு பெற்றால் அவருடைய ஓய்வூதியம் முழுவதும் உயர்ந்த ஊதியத்தின்படியே அமையும். நீண்ட காலம் பணியாற்றியவர்களுக்கு இந்த உயர்வு நிலைப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து புரியும். காவல் பணியினருக்கு உள்ள முன்கூட்டிய ஓய்வுத் திட்டம் சோதனை அலுவலர்களுக்கு இல்லை.

எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

மூன்று விதமான எதிர்ப்புகள் உள்ளன. எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. முதலாவது, பாதுகாப்பு அமைப்பின் தலைவருக்கு ஆட்களை உடனுக்குடன் இடம் மாற்றவும், தவறு செய்தவரை விரைந்து நீக்கவும் முடிய வேண்டும்; பொதுச் சட்டத்தின் நடைமுறைகள் அதைத் தாமதப்படுத்தும் என்பது. எல்லைக் காவல் படையினரும் சுங்க அலுவலர்களும் அதே பொதுச் சட்டத்தின் கீழ் நெடுங்காலமாகப் பணியாற்றுவதால், இந்த வாதம் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை.

இரண்டாவது, பொது அட்டவணையே பழையது. திறமையைவிடக் காலத்துக்கே அது பரிசளிக்கிறது. அதற்குள் புதிதாக ஓர் அமைப்பைக் கொண்டுவருவது பின்னோக்கிய நகர்வு என்பது. இதில் உண்மை இருக்கிறது. வாடகை மிக அதிகமான நகரங்களில் வட்டாரப்படியையும் சேர்த்தாலும் தொடக்கநிலை ஊதியம் போதாமல் போவதுண்டு. ஆனால் திறமைக்கேற்ற ஊதியம் என்ற பெயரில் டி.எஸ்.ஏ. இருபது ஆண்டுகள் நடத்திய சோதனையின் விளைவு, ஆட்கள் தங்காத அமைப்பு என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மூன்றாவது, இந்த வேலையே அரசிடம் இருக்கக் கூடாது என்பது. 2025 மார்ச்சில் செனட்டர்கள் மைக் லீ, டாமி டியூபர்வில் ஆகியோர் டி.எஸ்.ஏ. அமைப்பையே கலைத்து, சோதனையைத் தனியாரிடம் திருப்பித் தரும் மசோதாவை முன்வைத்தனர். ஊழியர்களைப் பொதுச் சட்டத்துக்குள் கொண்டுவருவது அந்த வழியைக் கடினமாக்கும் என்பதால் அந்தத் தரப்பு இதை விரும்பாதது வியப்பில்லை.

தனியார் நிறுவனம் சோதனை நடத்தும் விமான நிலையங்களும் இருக்கின்றனவே?

ஆம், சுமார் இருபது இருக்கின்றன; சான் பிரான்சிஸ்கோ அவற்றில் மிகப் பெரியது. அங்கும் விதிமுறைகளை வகுப்பதும் மேற்பார்வை செய்வதும் டி.எஸ்.ஏ.தான், ஆட்கள் மட்டும் ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அந்த நிறுவனம் தன் ஊழியர்களுக்கு மத்திய சோதனை ஊழியர்களுக்குக் குறையாத ஊதியமும் சலுகைகளும் தர வேண்டும் என்று 2001 சட்டமே கூறுகிறது. எனவே மத்திய ஊதியம் உயர்ந்தால் அங்கும் உயர்கிறது. தனியார்மயம் செலவைக் குறைக்கும் என்போர் இந்த நிபந்தனை நீடிக்குமா, நீக்கப்படுமா என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

செலவை யார் ஏற்பது? பயணிகளின் கட்டணம் கூடுமா?

மசோதா கட்டணத்தை உயர்த்தவில்லை. அமெரிக்க விமான நிலையத்திலிருந்து புறப்படும் பயணி ஒவ்வொருவரும் தம் பயணச்சீட்டில் ஒருவழிப் பயணத்துக்கு 5.60 டாலரைப் பாதுகாப்புக் கட்டணமாக ஏற்கெனவே செலுத்துகிறார். போய்வரும் பயணமானால் 11.20 டாலர். சாவடியில் நீண்ட வரிசையில் நிற்கும் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று இதில் உண்டு. 2013-இல் இயற்றப்பட்ட வரவுசெலவுச் சட்டம் இந்தக் கட்டணத்தை உயர்த்தியதோடு, வசூலின் ஒரு பகுதியை விமானப் பாதுகாப்புக்கு அல்லாமல் அரசின் நிதிப் பற்றாக்குறையைக் குறைப்பதற்குத் திருப்பிவிட்டது. அந்த ஏற்பாட்டின் காலம் பின்னர் நீட்டிக்கவும் பட்டது. பாதுகாப்பின் பெயரால் வாங்கும் பணம் முழுவதையும் பாதுகாப்புக்கே செலவிட்டால் ஊதியச் செலவின் கணிசமான பங்கை அது தாங்கும் என்று இரு கட்சிகளிலும் சிலர் சொல்லி வருகிறார்கள். 111-ஆம் பிரிவைத் திருத்துவதைவிட இந்தத் திருப்பலை நிறுத்துவது எளிதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பற்றாக்குறைக் கணக்கில் ஒருமுறை எழுதப்பட்ட வரவை அழிக்க எந்த நிதிக்குழுவுக்கும் மனம் வருவதில்லை.

அரசு முடக்கத்தின்போது சம்பளம் நின்றுபோவதை மசோதா தடுக்குமா?

தடுக்காது. நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசு முடங்கும்போது சோதனை அலுவலர்கள் இன்றியமையாத பணியினராகக் கருதப்படுவதால், சம்பளம் இல்லாமல் வேலைக்கு வந்தாக வேண்டும். 2018 டிசம்பர் 22 முதல் 35 நாட்கள் நீடித்த முடக்கத்தில், பெட்ரோலுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் பணமில்லாமல் பலர் வேலைக்கு வர இயலாமல் போனது. 2019 ஜனவரி 20 அன்று வராதவர்களின் விகிதம் 10 சதவீதத்தை எட்டியது. மயாமி விமான நிலையம் ஒரு முனையப் பகுதியைச் சில நாட்கள் வழக்கமான நேரத்துக்கு முன்னதாகவே மூட வேண்டியதாயிற்று. 2025 அக்டோபர் 1 அன்று தொடங்கிய முடக்கம் 43 நாட்கள் நீடித்து அந்தப் பழைய நீளத்தையும் மிஞ்சியது. முடக்கம் முடிந்தபின் நிலுவைச் சம்பளம் தரப்பட வேண்டும் என்று 2019-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் உறுதி செய்கிறது; ஆனால் வாடகை தர வேண்டிய தேதியில் அந்த உறுதி கைகொடுப்பதில்லை. முடக்கக் காலத்திலும் இவர்களுக்குச் சம்பளம் தொடர வேண்டும் என்று கோரும் மசோதாக்கள் தனியே உள்ளன.

சக்கர நாற்காலி தள்ளுபவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், தனியார் காவலாளிகள் இதில் அடங்குவார்களா?

இல்லை. அவர்கள் விமான நிறுவனங்களின் ஒப்பந்ததாரர்களிடம் வேலை செய்பவர்கள். மத்திய அரசின் நிதியைப் பெறும் பெரிய விமான நிலையங்களில் இவர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியமும் சலுகைகளும் வழங்க வேண்டும் என்ற மசோதாவை 2022-இல் செனட்டர் எட் மார்கி கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. இவர்களுக்குக் கிடைத்த வெற்றிகள் உள்ளூரில் கிடைத்தவையே. சியாட்டில் விமான நிலையம் அமைந்துள்ள சீடாக் என்ற சிறு நகரம், 2013-இல் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியத்தை மக்கள் வாக்கெடுப்பில் வெறும் 77 வாக்கு வித்தியாசத்தில் ஏற்றது. அது விமான நிலையத்துக்குள்ளும் செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2015 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியூயார்க், நியூஜெர்சி விமான நிலையங்களை நடத்தும் துறைமுக ஆணையம், 2023-க்குள் ஊதியத்தை 19 டாலராக உயர்த்த 2018-இல் முடிவு செய்தது.

மசோதா இதுவரை எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது? இனி என்ன ஆகும்?

மிசிசிப்பியைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பென்னி தாம்சன் இதைத் தொடர்ந்து முன்னெடுத்து வருபவர். பிரதிநிதிகள் சபையில் 2020 மார்ச்சில் 230-க்கு 171 என்ற வாக்கிலும், 2022 மே மாதம் 220-க்கு 201 என்ற வாக்கிலும் இது நிறைவேறியது. செனட்டில் ஹவாயின் பிரையன் ஷாட்ஸ் இணை மசோதாவைக் கொண்டுவந்தும் இரண்டு முறையும் அது அங்கே வாக்கெடுப்புக்கு வரவில்லை. பெரும்பாலான மசோதாக்களை முன்நகர்த்த அந்த அவையில் 60 வாக்குகள் தேவைப்படுவதே பெரிய தடை. கூட்டுப் பேர ரத்து அறிவிப்பைத் தொடர்ந்து 2025-இல் மசோதா மீண்டும் தாக்கல் செய்யப்பட்டது. இரண்டாண்டுக் காங்கிரஸ் முடியும்போது நிறைவேறாத மசோதாக்கள் காலாவதியாகிவிடும் என்பதால், 2027 ஜனவரி தொடக்கத்துக்குள் இரு அவைகளும் நிறைவேற்றாவிட்டால் இதுவும் புதிய எண்ணோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.